கேள்வியை எழுதுமுன் விதிகளை எழுதுங்கள்

மதிப்புக்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு கொண்டுவருவோம், அதை மக்களிடமே நேரடியாக ஆம், இல்லை என்று கேட்கும் சர்வஜன வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டவர்கள் இன்று 159 ஆசனங்களோடு சபையில் இருக்கிறீர்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 போதும். வரைவு எப்போது வரும், ஜனாதிபதி ஆட்சி முறை போகுமா, மாகாண சபைகள் என்னவாகும் என்று எல்லோரும் உங்களிடம் கேட்கிறார்கள். அவையெல்லாம் கேட்க வேண்டியவைதான். நான் கேட்க வந்தது வேறு. அந்த வரைவை எங்களிடம் எப்படிக் கேட்கப் போகிறீர்கள்?

இந்த நாட்டில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பில் நான் வாக்களித்திருக்கிறேன். 1982 டிசம்பர் 22. எனக்கு இருபத்திரண்டு வயது. அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன். பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாம் என்றால் விளக்குச் சின்னம், நீட்ட வேண்டாம் என்றால் குடம். எங்கள் வீட்டில் எல்லோரும் குடம் என்று முடிவெடுத்திருந்தோம். வழியில் அம்மம்மா நின்றுவிட்டார். "விளக்கு வேண்டாமெண்டு சொல்லுற வீடு எங்கையடா இருக்கு?" என்று கேட்டார். அந்திக்கு விளக்கு வைக்காமல் ஒரு நாளும் இருந்திராத மனுஷி. நான் எவ்வளவோ விளங்கப்படுத்தினேன். உள்ளே போய் எதற்குப் புள்ளடி போட்டார் என்று கடைசி வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிற்பாடு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பித்தேன். சர்வஜன வாக்கெடுப்பு என்ற பாடம் வரும்போதெல்லாம் அம்மம்மா கேட்டதுதான் முதலில் நினைவுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு உதவத்தானே சின்னம் வைக்கிறோம். அந்தச் சின்னமே ஒரு பக்கத்துக்குச் சாய்ந்திருந்தால் வாக்குச்சீட்டு கையில் வருமுன்பே கேள்வி கோணிவிட்டது. கென்யாவில் 2005இல் அரசியலமைப்பு வரைவுக்கு ஆம் என்றால் வாழைப்பழம், இல்லை என்றால் தோடம்பழம் என்று வைத்தார்கள். தோடம்பழம் வென்றது. வென்ற கையோடு அது ஒரு கட்சியின் பெயராகவும் ஆகிவிட்டது. வரைவில் என்ன இருந்தது என்பதைவிடப் பழம்தான் மிஞ்சியது. இன்றைக்கு எங்கள் நாட்டில் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களை வாசிக்கத் தெரியாதவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்குத் துணைக்கு ஆள் வைக்கலாம். சின்னத்தை எடுத்துவிடுங்கள்.

சின்னம் சின்ன விடயம்தான். 1982ஐப் பற்றிச் சொல்ல அதைவிடப் பெரியவை இருக்கின்றன. அந்தப் பாராளுமன்றம் 1977 ஜூலையில் தெரிவானது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு ஆசனங்கள். 1983 ஓகஸ்ட்டில் அதன் காலம் முடிய வேண்டும். 1982 ஒக்டோபர் 20இல் ஜே.ஆர். ஜயவர்த்தன ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். விகிதாசார முறையில் பொதுத் தேர்தல் வைத்தால் அந்த ஆறில் ஐந்து மிஞ்சாது என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் விளங்கும். ஆகவே தேர்தலுக்குப் பதிலாகச் சபையின் ஆயுளை நீட்டும் நான்காவது திருத்தம் வந்தது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில், அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது, வாக்கெடுப்பு வைத்தார்கள். எதிர்த்துப் பிரசாரம் செய்யக்கூடியவர்களில் சிலர் தடுத்துவைக்கப்பட்டிருந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் சிங்களப் பத்திரிகையான 'அத்த'வின் அச்சகத்துக்குச் சீல் வைக்கப்பட்டிருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில்.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஆம் 31,41,223. இல்லை 26,05,983. நூற்றுக்கு 54.66க்கு 45.34. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டோம். அதனால் எதுவும் மாறவில்லை. தமிழருக்கு எதிரான வன்முறை நடந்த 1983 ஜூலையிலும் 1977இல் தெரிவான அதே சபைதான் இருந்தது. பிரிவினையை ஆதரிப்பதைத் தடுக்கும் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றித் தமிழர் பிரதிநிதிகளை வெளியே தள்ளியதும் அதுதான். 1987இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தபோதும் அதுதான். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில். 1983இல் ஒரு தேர்தல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பேசித் தீர்க்க ஒரு சபையாவது புதிதாக அமைந்திருக்கும். அந்த ஒரு நாள் வாக்கெடுப்புக்கு என் தலைமுறை கொடுத்த விலையை நான் உங்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு முக்கியமான விடயம். மக்களிடம் கேட்காமல் ஆயுளை நீட்ட முடியாது என்று பூட்டுப் போட்டது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதே பூட்டின் திறப்பைக் கொண்டுதான் நான்கே வருடத்தில் கதவைத் திறந்தார்கள். சர்வஜன வாக்கெடுப்பு என்பது தன்னளவில் ஒரு பாதுகாப்பு அல்ல. எப்போது, யார், எந்தச் சொற்களில், எந்தச் சூழலில் கேட்கிறார்கள் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. அந்த விதிகளையெல்லாம் இன்றும் 1981ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சர்வஜன வாக்கெடுப்புச் சட்டத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. 1982ஐ நடத்திய அதே சட்டம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அரசியலமைப்பு வரைவைச் சபையில் வைக்குமுன் புதிய சர்வஜன வாக்கெடுப்புச் சட்டத்தை நிறைவேற்றுங்கள். வரைவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், யாருக்கு வாசி யாருக்கு நட்டம் என்று கணக்குப் பார்க்க முடியாத நேரத்தில், விதிகளை எழுதி முடித்துவிடுங்கள். கிளித்தட்டு ஆடும் பிள்ளைகளே கோட்டைக் கீறிவிட்டுத்தானே ஆட இறங்குகிறார்கள். அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் கேள்வி. 2001 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாராளுமன்றத்தை ஒத்திவைத்துவிட்டு, ஓகஸ்ட் 21இல் வாக்கெடுப்பு என்று அறிவித்தது நினைவிருக்கிறதா? தேசிய முக்கியத்துவம் வாய்ந்த, அத்தியாவசியமான புதிய அரசியலமைப்பு நாட்டுக்குத் தேவையா என்பதே கேள்வியின் சாரம். அத்தியாவசியமானது என்று கேள்வியே சொல்லிவிட்ட பிறகு யார் தேவையில்லை என்பது? எந்த அரசியலமைப்பு என்றும் அதில் இல்லை. 2000ஆம் ஆண்டு வரைவா, இனிமேல் எழுதப்போவதா? ஆம் என்று வந்திருந்தால் அந்த ஆமை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். பிறகு ஒக்டோபர் 18க்குத் தள்ளினார்கள், அப்புறம் கைவிட்டார்கள். நடக்காமல் போனது நல்லதுதான். ஆனால் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிந்ததே, அதற்கு அரசியலமைப்பின் 86ஆம் உறுப்புரை வழிவிட்டதே, அந்த வழி இன்றும் திறந்துதான் கிடக்கிறது.

ஸ்கொட்லாந்தில் 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு அங்குள்ள அரசு முதலில் எழுதிய கேள்வி, "ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்ற மாதிரி இருந்தது. தேர்தல் ஆணைக்குழு அதைச் சாதாரண மக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டால் ஆம் என்று சொல்லத்தான் வாய் வரும் என்று கண்டு, "ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?" என்று மாற்றச் சொன்னது. கேட்ட அரசும் மாற்றியது. பிரித்தானியாவின் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பிலும் அப்படித்தான். இருப்பதா என்று மட்டும் கேட்ட கேள்வியை இருப்பதா விலகுவதா என்று மாற்றினார்கள். முடிவு பிடித்ததோ இல்லையோ, கேள்வி ஏமாற்றியது என்று தோற்றவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் நாட்டில் இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம், ஏனென்றால் இங்கே கேள்வி இரண்டு மொழியில் கேட்கப்படுகிறது. 2017 செப்டம்பரில் வெளிவந்த, புதிய அரசியலமைப்புக்கான பாராளுமன்ற வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கையை நினைத்துப் பாருங்கள். சிங்களத்தில் 'ஏக்கீய ராஜ்ய', தமிழில் 'ஒருமித்த நாடு'. பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் தேடியெடுத்த சொற்கள் என்றே நம்புகிறேன். ஆனால் நடந்தது என்ன? இன்றைய அரசியலமைப்பில் 'ஏக்கீய' என்பதற்குத் தமிழ் 'ஒற்றையாட்சி'. தெற்கில் சிலர், தமிழில் வேறு சொல் போட்டு எங்களை ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். வடக்கில் சிலர், சிங்களத்தில் பழைய சொல்லையே வைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். ஒரே வரியை வைத்து இரண்டு பக்கமும் ஒரே குற்றச்சாட்டு! வாக்குச்சீட்டில் இது நடந்தால் பொலன்னறுவையில் ஒருவர் ஒன்றுக்கு ஆம் சொல்வார், பருத்தித்துறையில் ஒருவர் வேறொன்றுக்கு ஆம் சொல்வார், எண்ணும்போது இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழும். அப்படி நிறைவேறும் அரசியலமைப்பு முதல் வழக்கிலேயே உடைந்துவிடும்.

ஆகவே கேள்வியை எழுதும் பொறுப்பு ஜனாதிபதியிடமோ அமைச்சரவையிடமோ இருக்கக்கூடாது. தேர்தல் ஆணைக்குழுவிடம் கொடுங்கள். இரண்டு மொழியிலும் எழுதட்டும். ஒரு மொழியில் எழுதியதை மற்ற மொழிக்காரரிடம் கொடுத்து, அவர் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லட்டும். அட்டனில் தோட்டத்து லயத்தில் இருப்பவரிடமும், மன்னாரில் மீனவரிடமும், தங்காலையில் கடைக்காரரிடமும், காத்தான்குடியில் வீட்டுப் பெண்களிடமும் போய், இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் நாளைக்கு என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கட்டும். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துவரும் வரை கேள்வியைத் திருத்தட்டும். சோதித்த விவரம் முழுவதும் வெளியிடப்பட வேண்டும். அயர்லாந்தில் 2024 மார்ச்சில் குடும்பம் பற்றிய திருத்தத்தில் 'நீடித்த உறவு' என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். அதற்கு என்ன பொருள், எந்த உறவு அதில் அடங்கும் என்று அரசாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பெரிய கட்சிகள் எல்லாம் ஆதரித்தும் நூற்றுக்கு 67க்கு மேல் இல்லை என்று வந்தது. விளங்காததற்கு மக்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதில் பிழையும் இல்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகக் கட்டிக் கேட்பதா, பிரித்துக் கேட்பதா என்பது. இதில்தான் நான் நீண்டகாலம் குழம்பினேன்.

பிரித்துக் கேட்க வேண்டும் என்பதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. சிலியில் 2020 ஒக்டோபரில் புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்று கேட்டபோது நூற்றுக்கு 78 பேர் வேண்டும் என்றார்கள். தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்று எழுதிய 388 உறுப்புரைகளை 2022 செப்டம்பரில் ஒரே கேள்வியாக வைத்தபோது நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றார்கள். வேறொரு சபை எழுதிய இரண்டாவது வரைவும் 2023 டிசம்பரில் தோற்றது. பழைய 1980ஆம் ஆண்டு அரசியலமைப்பே இன்னும் இருக்கிறது. 388இல் 380 பிடித்தவருக்கும் எட்டுப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. துருக்கியில் 2010இல் 26 திருத்தங்களை ஒரே பொதியாகக் கட்டினார்கள். பெண்கள், பிள்ளைகள், தொழிலாளர் உரிமை என்று யாரும் மறுக்காதவற்றோடு நீதிமன்றங்களின் அமைப்பை மாற்றுவதும் சேர்ந்து போனது. சீனிக்குள் வைத்துக் கொடுத்த குளிசை மாதிரி.

அப்படியானால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாமே? அங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பயம். புதிய அரசியலமைப்பு என்பது இந்த நாட்டில் ஓர் உடன்பாடு. தெற்குக்கு ஒன்று, வடக்கு கிழக்குக்கு ஒன்று, மலையகத்துக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என்று விட்டுக்கொடுத்து எழுதப்படுவது. அதிகாரப் பகிர்வை மட்டும் தனிக் கேள்வியாக வெட்டியெடுத்து நாடு முழுவதிடமும் வைத்தால், நான்கில் மூன்று பங்கு மக்களிடம் மீதிப் பேரின் பங்கைக் கொடுக்கலாமா என்று கேட்பதாகிவிடும். மேசையில் பேசி முடித்ததைத் தெருவில் தனித்தனியாக ஏலம் விட்டால் சிறுபான்மைக்கு ஒன்றும் மிஞ்சாது. தமிழன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வரைவுக்குள் பௌத்த மதத்துக்கு இருக்கும் இடத்தைத் தனிக் கேள்வியாக வைப்போம் என்றால் தெற்கும் இதே பயத்தோடு எழும்பும்.

என் முடிவு இது. சமூகங்களுக்கு இடையிலான உடன்பாட்டோடு சம்பந்தப்பட்டவை அனைத்தும், அதாவது அரசின் தன்மை, மொழி, மதம், அதிகாரப் பகிர்வு, அடிப்படை உரிமைகள், ஒரே கேள்வியில் ஒன்றாகப் போகட்டும். வென்றாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒன்றாக. எந்தச் சமூகத்தின் பங்கையும் தொடாதவை தனிக் கேள்வியாக வரலாம். ஜனாதிபதி நேரடியாகத் தெரிவாவதா பாராளுமன்றத்தால் தெரிவாவதா என்பது, தேர்தல் முறை, இரண்டாவது சபை வேண்டுமா என்பது போன்றவை. அதிகம் போனால் மூன்று கேள்விகள். ஐஸ்லாந்தில் 2012இல் ஆறு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டார்கள், மக்கள் குழம்பாமல் பதில் சொன்னார்கள். பிறகு பாராளுமன்றம் அந்த வரைவை நிறைவேற்றவே இல்லை என்பது வேறு கதை, அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனையாக இருந்ததால் வந்த வினை. நீங்கள் கேட்பதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டும் என்பதையும் சட்டத்தில் எழுதுங்கள்.

எத்தனை வாக்கு வேண்டும் என்பதில் 85ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தி சொல்வது நல்ல விதி. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஆம் என்று இருக்க வேண்டும். செல்லுபடியான வாக்குகள் வாக்காளர் இடாப்பில் உள்ளவர்களில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால், ஆம் என்றவர்கள் மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கும் வாக்கெடுப்புக்குப் பாதிப்பேர் வந்து வாக்களித்திருக்க வேண்டும் என்று விதி. அதனால் எதிர்ப்பவர்கள் வீட்டில் இருந்தே தோற்கடிக்கிறார்கள். 2025 ஜூனில் நூற்றுக்கு முப்பது பேரளவில்தான் வந்தார்கள், ஐந்து கேள்விகளும் செல்லாமல் போயின. எங்கள் விதியில் அந்த ஓட்டை இல்லை. அதைத் தொடாதீர்கள்.

மாகாணவாரியான பெரும்பான்மையும் வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். சுவிற்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். ஆனால் இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது மாகாணங்களில் ஐந்து என்று வைத்தால் வடக்கும் கிழக்கும் மறுத்தாலும் ஏழு மீதி, எங்களுக்கு அதில் எந்தக் காப்பும் இல்லை. வடக்கும் கிழக்கும் சேர்ந்து மறுத்தால் நிறுத்த முடிய வேண்டுமானால் எட்டு என்று வைக்க வேண்டும். எட்டு என்று வைத்தால் எந்த இரண்டு மாகாணமும் நிறுத்தலாம். ஊவாவும் சப்ரகமுவவும் இல்லை என்றால் அதிகாரப் பகிர்வு அங்கேயே முடிந்தது. எங்களைக் காக்க என்று போடும் பூட்டு எங்களையே உள்ளே வைத்துப் பூட்டிவிடும். அவுஸ்திரேலியாவில் இதுவரை கேட்ட 45 கேள்விகளில் எட்டுத்தான் நிறைவேறின. ஆகவே புதிய அரசியலமைப்பை ஏற்பதற்கு நாடு தழுவிய பெரும்பான்மை போதும். ஏற்ற பிறகு, மாகாணங்களின் அதிகாரத்தை எதிர்காலத்தில் குறைக்க யாராவது வந்தால் அப்போது அந்தந்த மாகாணத்தின் சம்மதம் தேவை என்ற பூட்டை வரைவுக்குள்ளேயே வையுங்கள். பூட்டு இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வாக்களிப்பது யார் என்பதற்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாணத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும், வடக்கோடு சேர்ந்திருப்பதா இல்லையா என்று. வருடா வருடம் ஒத்திவைத்தார்கள். 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது, 2007 ஜனவரி முதல் இரண்டு மாகாணமும் தனித்தனி. அந்த மக்களிடம் கடைசி வரை யாரும் கேட்கவில்லை. சேர வேண்டும் என்றவர்களுக்கும் பிரிய வேண்டும் என்றவர்களுக்கும் அது அநியாயம்தான். திகதியை ஒத்திவைக்கும் அதிகாரத்தை ஒரு தனி மனிதரிடம் கொடுக்காதீர்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்கள் இடாப்பில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க இன்னும் வழியில்லை. வீட்டுப் பணிக்கு வளைகுடா போன பெண்களின் பணத்தில் நாட்டின் கணக்கு நிமிர்கிறது, அரசியலமைப்பில் அவர்களுக்குச் சொல் இல்லையா?

பிரசாரம் பற்றி ஒரே விதி போதும் என்று நினைக்கிறேன். அரசின் பணம், அரசின் வானொலி, அரசின் வாகனம் எதுவும் ஒரு பக்கத்துக்குப் போகக்கூடாது. அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 1995இல் இதைத் தெளிவாகச் சொன்னது. மக்களிடம் கேட்கும் அரசு, மக்களின் பணத்திலேயே ஒரு பதிலை விற்கக்கூடாது. அமைச்சர்கள் தங்கள் கட்சிப் பணத்தில் பேசட்டும், யார் தடுத்தது? அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தால் வாக்கெடுப்பு நடத்தக்கூடாது என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த ஒரு வரி 1981ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்திருந்தால் 1982 நடந்திருக்காது.

இரண்டு பக்க வாதங்களையும் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுப்பது அவுஸ்திரேலியாவில் 1912 முதல் வழக்கம். சுவிற்சர்லாந்திலும் வாக்குச்சீட்டோடு கைந்நூல் வரும். எங்களுக்கு அப்படியொரு புத்தகம் சிங்களத்திலும் தமிழிலும், வேண்டியவர்களுக்கு ஆங்கிலத்திலும், வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்னால் வீட்டுக்கு வர வேண்டும். அதில் ஆம் என்றால் என்ன நடக்கும் என்பதோடு, இல்லை என்றால் என்ன நடக்கும் என்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய அரசியலமைப்பே தொடருமா, திருத்தி மறுபடி கேட்பீர்களா, எத்தனை மாதத்தில்? இல்லை என்று சொல்வதற்கும் ஒரு நாளை உண்டு என்று தெரிந்தால் மக்கள் பயத்தில் ஆம் சொல்ல மாட்டார்கள், கோபத்தில் இல்லையும் சொல்ல மாட்டார்கள்.

வரைவை எழுதும்போதே மக்களைச் சேர்ப்பது பற்றியும் கொஞ்சம். அயர்லாந்தில் 99 சாதாரண மக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஓர் உச்ச நீதிமன்ற நீதிபதியைத் தலைமைக்கு வைத்து, மாதக்கணக்கில் வார இறுதிகளில் கூட்டினார்கள். கருக்கலைப்பு என்ற, எந்தக் கட்சியும் தொடப் பயந்த விடயத்தை அவர்கள் இருந்து பேசினார்கள். 2018 மே 25இல் அதன் மீதான தடையை நீக்க மக்கள் நூற்றுக்கு 66 பேர் ஆம் என்றார்கள். குலுக்கல் எங்களுக்குப் புதிதல்ல, உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை என்று படித்ததுதானே. இங்கேயும் 2016இல் மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கேட்டது. அந்த வருடம் மே மாதம் அறிக்கையும் வந்தது. நானும் போய் வரிசையில் இருந்து என் கருத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுங்கள். அதோடு இருபத்தைந்து மாவட்டத்திலும் இருந்து குலுக்கல் முறையில் நூறு பேரைக் கூட்டி, வரைவையும் கேள்வியையும் அவர்கள் முன்னால் வையுங்கள். நூறு பேருக்கு விளங்காத வரைவு ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வாக்காளருக்கு விளங்கப் போவதில்லை.

இவ்வளவு வேலை எதற்கு, சர்வஜன வாக்கெடுப்புத் தேவையில்லாத மாதிரி வெட்டிக் குறைத்து நிறைவேற்றிவிடலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எங்கள் அரசுகள் அப்படித்தான் செய்து வந்திருக்கின்றன. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தம் 1987இல் உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வாக்கெடுப்பிலிருந்து தப்பியது. ஒரு நீதியரசர் மாறியிருந்தால் மாகாண சபைக்கே மக்களிடம் போக வேண்டியிருந்திருக்கும். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தத்தில் 2015இல் எந்த வாசகங்களுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதோ அவற்றை எடுத்துவிட்டு மீதியை நிறைவேற்றினார்கள். மக்களிடம் போகப் பயம். பயத்துக்குக் காரணமும் உண்டு. நம்பத்தகுந்த முறை ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் மக்களிடம் கேட்காமல் கொண்டுவந்ததை அடுத்து வருபவர்கள் சுலபமாக அழிக்கலாம். 19ஐ 20 அழித்தது. 1972, 1978 இரண்டு அரசியலமைப்புகளும் எங்களிடம் கேட்டு வந்தவையல்ல.

நான் இப்போது அதே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். வாக்களிக்க அங்கேதான் போவேன். என் பேத்திக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, அவளுக்கு அது முதல் வாக்கெடுப்பாக இருக்கலாம். வரைவைச் சபையில் வைக்கும் திகதியை அறிவிக்குமுன், சர்வஜன வாக்கெடுப்புச் சட்டமூலத்தை வர்த்தமானியில் பார்க்க ஆசைப்படுகிறேன். அதை வாசித்துத் திருத்தம் சொல்ல எங்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.